வைகாசியில் கொட்டிய முடிக்கு மாசியில் காரணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 36 வயதுப் பெண். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். வீட்டிலிருந்தே மல்லிகை கட்டிக் கொடுத்துக் கூலி வாங்குகிறவர். எட்டாம் வகுப்பில் மகள், நான்காம் வகுப்பில் மகன், வயதான மாமியார். கணவர் இறந்து எட்டு மாதம் கடந்திருந்தது. அடையாளம் தெரியாதிருக்க ஊரும் குடும்ப விவரங்களும் இங்கே மாற்றப்பட்டுள்ளன.

ஐப்பசிக் கடைசியில் நாத்தனாரோடு மதுரைக்கு வந்து என்னைப் பார்த்தார். "மதினி தலையில் புழுவெட்டு விழுந்திருக்கிறது, டாக்டரம்மா. மற்ற இடத்திலும் முடி நிற்காமல் கொட்டுகிறது" என்று நாத்தனார்தான் பேசினார். நோயாளி ஒன்றும் சொல்லாமல் ஒரு மஞ்சப்பையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே உதிர்ந்த முடி, உருண்டை உருண்டையாக. முடி உதிர்வுக்கு வரும் பெண்கள் பலர் இப்படிக் கொண்டுவருவார்கள். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்ற பயம்தான். அவர்கள் ஊரில் உதிர்ந்த முடியைத் தெருவில் எறிவதில்லை. ஓட்டு இடுக்கில் செருகி வைத்து, முடி வாங்க வருகிறவரிடம் எடைக்குக் கொடுத்துப் பாத்திரம் வாங்குவார்கள். இந்த முறை அவர் வருவதற்கு முன்பே இடுக்கு நிறைந்துவிட்டதாம்.

இந்தப் பைகளை நான் திருப்பித் தருவதில்லை; பிரித்துப் பார்ப்பேன். ஓர் உருண்டையை வெள்ளைத் தாளில் பரப்பி விளக்கடியில் பார்த்தபோது இரண்டு வகை முடி தெரிந்தது. பெரும்பாலானவை இடுப்பளவு நீண்ட முழு முடிகள். வேர் முனையில் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் வெள்ளை முடிச்சு. இது ஓய்வு நிலையை முடித்துக்கொண்டு தானாக விழுந்த முடியின் அடையாளம். இடையிடையே வேறு சில இருந்தன: வேர் கறுத்து, ஈரமான உறையின் மிச்சம் ஒட்டிக் காய்ந்தவை. வளர்ந்துகொண்டிருக்கும் முடி தானாக இப்படி விழாது. யாராவது பிடுங்கினால்தான் வேர் இந்த வடிவில் வரும். அந்த உருண்டை எங்கே சேர்த்தது என்று கேட்டேன். காலையில் பாயைச் சுருட்டும்போது மாமியார் பொறுக்கி வைத்தது என்றார்கள். அப்போதைக்கு நான் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

நடந்தது

மாசி மாதச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போவது மதுரை வட்டாரத்தில் பெரும்பாலான குடும்பங்கள் தவறவிடாத வழக்கம். இவர்களுடைய குலதெய்வம் விருதுநகர்ப் பக்கம். கணவனும் மனைவியும் இருசக்கர வாகனத்தில் போய்விட்டு, விடியும்வரை தங்காமல் இரவிலேயே நான்குவழிச் சாலையில் திரும்பினார்கள். மறுநாள் பூவுக்கு நல்ல கூலி கிடைக்கும் என்பதால் இவர்தான் கிளம்பச் சொல்லியிருக்கிறார். பின்னால் வந்த லாரி இடித்ததில் கணவர் அந்த இடத்திலேயே இறந்தார். இவருக்கு வலது காறையெலும்பு உடைந்து, தகடு வைத்து அறுவை சிகிச்சை நடந்தது. தலையில் அடியில்லை, ஸ்கேனும் அதையே சொன்னது.

ஆஸ்பத்திரிச் செலவு பெரிய சுமையாகவில்லை. விபத்தில் அடிபட்டவர்களின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும் தமிழக அரசுத் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. சுமை வேறு பக்கத்திலிருந்து வந்தது. கணவர் ஓட்டிய சரக்கு வண்டிக்கு மாதத் தவணை. இவர் பெயரில் இரண்டு குழுக்கடன், இரண்டுக்கும் வாரத் தவணை. ஒருவர் கட்டாவிட்டால் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும் என்பதால், தவணை நாள் காலையில் வாசலில் வந்து நிற்பவர்கள் கடன்காரர்கள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். இத்துடன் விபத்து இழப்பீட்டு வழக்கு. ஒவ்வொரு வாய்தாவிலும் அந்த இரவை மறுபடி யாராவது கேட்பார்கள்.

சித்திரைத் திருவிழாவில் பூவுக்கு இருந்த கிராக்கியில் இரவு பகலாகக் கட்டியிருக்கிறார். அதுவரை தலைமுடிக்கு ஒன்றும் ஆகவில்லை. வைகாசி பிறந்ததும் கொட்டத் தொடங்கியது. ஊரார் முதலில் வெயிலைச் சொன்னார்கள், பிறகு ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீரைச் சொன்னார்கள். உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கல் விழவைக்கும், வேரிலிருந்து கழற்றாது. அதே தண்ணீரில் குளிக்கும் மகளுக்கும் மாமியாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

உறவுக்காரப் பெரியம்மா ஒருவர் வேறு விதமாக ஆறுதல் சொல்லியிருக்கிறார்: "இனிமேல் பூவா வைக்கப் போகிறாய்? முடி இருந்தால் என்ன, போனால் என்ன?" நாளெல்லாம் மற்றவர் தலைக்குப் பூக்கட்டும் ஒரு பெண்ணிடம் சொல்லப்பட்ட வார்த்தை இது. இதை நோயாளி என்னிடம் இரண்டாம் முறை வந்தபோதுதான் சொன்னார், கீழே பார்த்தபடி.

இடையில் நகரத்திலுள்ள ஒரு முடி சிகிச்சை நிலையத்தில் ஊசி சிகிச்சைக்கு முன்பணம் கட்டி, பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் விலையுயர்ந்த எண்ணெயும் வாங்கியிருக்கிறார். முன்பணத்துக்குக் காதிலிருந்த தோடு அடகுக்குப் போனது. ஒரு ரத்தப் பரிசோதனைகூட அங்கே எடுக்கவில்லை. முடி உதிர்வு என்று வருகிறவரிடம் ஹீமோகுளோபின் பார்க்காமல் பணம் வாங்குவதை என்னால் மென்மையாகச் சொல்ல முடியாது: அது வியாபாரம்.

பரிசோதனை

தலை முழுவதும் அடர்த்தி குறைந்திருந்தது. நெற்றிப்பொட்டின் இரு பக்கமும் அதிகமாகத் தெரிந்தது. ஆனால் உச்சி வகிடு மட்டும் தனியாக அகலவில்லை. பின்னந்தலையிலும் அதே அளவு மெலிவு. பரம்பரையாக வரும் பெண்களின் முடி மெலிவில் உச்சிதான் முதலில் விரியும், முடியின் தடிமனும் ஒன்றுக்கொன்று மாறுபடும். இங்கே முடிகள் ஒரே தடிமனில் இருந்தன. ஐம்பது அறுபது முடியை விரலிடுக்கில் பிடித்து மெல்ல இழுத்தால் ஒன்றிரண்டு வருவது இயல்பு. இவருக்கு எங்கே இழுத்தாலும் எட்டு ஒன்பது வந்தது, எல்லாம் வெள்ளை முடிச்சோடு. நெற்றி ஓரத்தில் புதிய குட்டை முடிகளும் முளைத்திருந்தன. அது நல்ல செய்தி. அப்போதே அவரிடம் கண்ணாடியில் காட்டினேன்.

இடது காதுக்கு மேலே இருந்த சொட்டையின் கதை வேறு. புழுவெட்டு என்று சின்ன வெங்காயமும் பூண்டும் அரைத்துத் தேய்த்ததில் தோல் சிவந்து பொருக்குத் தட்டியிருந்தது. புழுவெட்டில் புழு எதுவும் இல்லை. உடலின் சொந்த நோய் எதிர்ப்பு அணுக்கள் முடியின் வேரைத் தாக்குவதால் வருவது அது. அதில் சொட்டை பெரும்பாலும் வட்டமாக, வழுவழுப்பாக இருக்கும். தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பில் பார்த்தால் அடி மெலிந்து நுனி பருத்த, ஆச்சரியக்குறி வடிவ முடிகள் ஓரத்தில் நிற்கும். இங்கே ஓரம் ஒழுங்கற்று இருந்தது. உள்ளே முடி இருக்கிறது, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் ஒடிந்து. சில சுருண்டு, சில நுனி பிளந்து, ஒரே துளையிலிருந்து கிளம்பிய இரண்டு ஒரே மட்டத்தில் முறிந்து. பாயில் கிடந்த கறுத்த வேர்களோடு இது பொருந்தியது.

ஏன் இடது பக்கம்? வலது தோள் இன்னும் முழுதாக உயராது. தகடு வைத்த பக்கத்துக் கை காதுக்கு மேலே போவதில்லை. இடது கை போகிறது.

"முடியைப் பிடுங்குகிறீர்களா?" என்று நேராகக் கேட்டால் கிட்டத்தட்ட எல்லோரும் இல்லை என்பார்கள். கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, பகலெல்லாம் கையில் பூவும் வாழைநாரும் இருக்கிறதே, ராத்திரி கை சும்மா இருக்கும்போது எங்கே போகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது. "ரோட்டில் லாரி ஹார்ன் சத்தம் கேட்டால் தூக்கம் போய்விடும் டாக்டரம்மா. கை தானாகத் தலைக்குப் போகிறது. பிடுங்கியபிறகுதான் தெரிகிறது. பிடுங்கினால் கொஞ்சம் அடங்குகிறது."

அதன்பிறகு மற்றவை வந்தன. கண்ணை மூடினால் லாரி விளக்கு. அந்த நான்குவழிச் சாலையில் திருமங்கலம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறுவதே இல்லை. அன்றும் செக்கானூரணி சுற்றித்தான் வந்திருந்தார். சிவராத்திரி என்ற சொல்லைப் பேச்சில் யாராவது எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். "நான்தானே கிளம்பச் சொன்னேன்" என்பது மட்டும் ஓயாமல் மனத்தில் ஓடுகிறது. இரவில் சாப்பிடுவதில்லை, பகலில் பெரும்பாலும் டீயும் ரசம் சாதமும். விபத்துக்குப் பிறகு மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம். செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா என்று கேட்டேன். தோன்றியது, பிள்ளைகளை நினைத்து விட்டுவிட்டேன், இப்போது இல்லை என்றார்.

ரத்தம் சொன்னது

ஹீமோகுளோபின் 9.4 கிராம், பெண்களுக்கு 12க்குக் கீழே என்றால் ரத்தசோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9. இதில் வியப்பில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழகப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது.

வியப்பு தைராய்டில் வந்தது. தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். ஹார்மோனின் அளவு மிகத் தாழ்ந்து, தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் கூடியிருந்தது. தாளை மட்டும் பார்த்தால் தைராய்டு மிகைச் சுரப்பு. முடி உதிர்வு, படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிடலாம். ஆனால் கழுத்தில் வீக்கமில்லை, கையில் நடுக்கமில்லை, ஓய்விலிருக்கும்போது நாடித்துடிப்பு 78. அவர் விழுங்கிக்கொண்டிருந்த பயோட்டின் 10 மில்லிகிராம். ஒரு நாளைக்கு உடலுக்கு வேண்டியதோ 30 மைக்ரோகிராம்தான். பல ஆய்வகக் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தியே ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிகுந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதை எச்சரித்தது. மாத்திரையை ஒரு வாரம் நிறுத்தி மறுபடி எடுத்தோம், தைராய்டு இயல்பு. முடிக்கு என்று வாங்கிய மாத்திரை முடிக்கு ஒன்றும் செய்யாமல், இல்லாத நோய்க்கு மருந்து வாங்க வைத்திருக்கும்.

மூன்று மாத இடைவெளி

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி. அதில் 85 முதல் 90 சதவீதம் வளர்ச்சி நிலையில் இருக்கும். அந்த நிலை இரண்டிலிருந்து ஆறு ஆண்டு நீளும். பிறகு இரண்டு மூன்று வாரச் சுருக்கம், அதன்பின் சுமார் மூன்று மாத ஓய்வு, உதிர்வு. நாளுக்கு ஐம்பது முதல் நூறு வரை விழுவது கணக்கில் சேராது. பெரிய காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, ரத்த இழப்பு, பேரதிர்ச்சி போன்றவை வந்தால் வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பகுதி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வு முடிய மூன்று மாதம் ஆவதால் அதிர்ச்சி மாசியில், உதிர்வு வைகாசியில். ஆல்பர்ட் கிளிக்மன் 1961இல் இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயரிட்டு விவரித்தார். கொரோனாவுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து வீடு வீடாக முடி கொட்டியதும் இதே கணக்குத்தான். ஆகவே முடி கொட்டுகிறது என்று வருகிறவரிடம் என்ன எண்ணெய் தேய்க்கிறீர்கள் என்பதைவிட, கொட்டத் தொடங்கியதற்கு மூன்று மாதம் முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இவரிடம் எனக்கு முன்னால் யாரும் அதைக் கேட்கவில்லை.

ஆனால் இந்த விளக்கம் பாதிக்குத்தான் போதும். விபத்தும் அறுவையும் மட்டும் காரணமென்றால் உதிர்வு ஆறு மாதத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். ஐப்பசியிலும் கை நிறைய வருகிறதென்றால் முடியை ஏதோ ஒன்று இன்னும் ஓய்வுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இங்கேதான் "எல்லாம் மனக்கவலை" என்று எழுதி முடித்துவிடும் ஆபத்து இருக்கிறது. நீடித்த மனஅழுத்தம் முடியைப் பாதிக்கும் வழி ஓரளவு தெரிந்ததுதான். ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு 2021இல் வெளியிட்ட எலி ஆய்வில், அழுத்த ஹார்மோன் கூடும்போது முடி வேருக்கு அடியிலுள்ள செல்கள் 'காஸ்6' என்ற புரதத்தைச் சுரப்பது குறைந்தது. வேரின் மூலச்செல்கள் விழிக்காமல் ஓய்விலேயே நீடித்தன. எலியில் கண்டதை அப்படியே மனிதத் தலைக்குப் பொருத்திவிட முடியாது. அன்றாடக் கவலை மட்டுமே தலை முழுவதும் முடியை உதிர்க்கும் என்பதற்கு மனிதர்களில் சான்று இன்னும் மெலிந்தே இருக்கிறது.

இவருடைய விஷயத்தில் துக்கம் வெறும் ஹார்மோனாக மட்டும் வேலை செய்யவில்லை. சாப்பாட்டைக் குறைத்து இரும்பைத் தீர்த்தது. ஹார்ன் சத்தமாகத் தூக்கத்தைக் கெடுத்தது. இடது கையாகச் சொட்டையை உண்டாக்கியது. கடன் தவணையாக வாரம் தவறாமல் வந்தது. இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பியிருந்தால் சொட்டை வளர்ந்திருக்கும். "கவலைப்படாதே" என்று மட்டும் சொல்லியிருந்தால் ஃபெரிட்டின் 9இலேயே கிடந்திருக்கும். இரண்டையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முடிவான நோய்க்கணிப்பு: நீடித்த டெலோஜன் எஃப்ளூவியம், இரும்புச்சத்துக் குறைவு, முடியைப் பிடுங்கும் கோளாறு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு. கடைசியதை மனநல மருத்துவர் உறுதிசெய்தார்.

சிகிச்சை

பயோட்டின், பூண்டு, ஊசி சிகிச்சை மூன்றையும் நிறுத்தினோம். சொட்டையில் ஸ்டீராய்டு ஊசி போடவில்லை. அது புழுவெட்டுக்கு உரியது. முடி வளரத் தரும் மினாக்சிடிலும் தரவில்லை. அது தொடக்கத்தில் உதிர்வைக் கொஞ்சம் கூட்டும், அந்த நேரத்தில் இவர் அதைத் தாங்கமாட்டார். இரும்பு மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள்: இரும்புக் குறைவுள்ள பெண்களிடம் இப்படிக் கொடுத்தால் உறிஞ்சுதல் கூடுகிறது என்று 2017இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு காட்டியது, வயிற்றுத் தொல்லையும் குறையும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் டீ வேண்டாம் என்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. மாதவிலக்குப் போக்குக்கு மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். இரவுச் சாப்பாட்டை மகளின் பொறுப்பில் விட்டோம். "அப்பத்தாவும் அம்மாவும் என்னோடுதான் சாப்பிட வேண்டும்" என்று அந்தப் பெண் ஒரு சட்டம் போட்டுவிட்டாள். எந்த மருந்துச் சீட்டாலும் அது முடிந்திருக்காது.

மனநல மருத்துவர் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு, பதற்ற மருந்தைத் தொடங்கினார். அரிதாக அந்த மருந்தாலும் முடி உதிரலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தோம். பிறகு தெரிந்தால் மருந்தையே விட்டுவிடுவார். உளவியலாளரிடம் இரண்டு வேலை நடந்தது. ஒன்று, அந்த இரவைத் துண்டு துண்டாக, பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து சொல்லிப் பழகுவது. மற்றொன்று, கை தலைக்குக் கிளம்பும் நொடியைக் கண்டுபிடித்து அதற்கு வேறு வேலை கொடுப்பது. தலைமாட்டில் ஒரு கண்டு வாழைநாரை நனைத்து வைத்துக்கொள்ளலாம் என்பது நோயாளி தானே சொன்ன யோசனை. ஹார்ன் கேட்டால் இருட்டிலேயே நாரில் முடிச்சுப் போடுவார். மதுரைக்கு வர முடியாத வாரங்களில் பேசுவதற்கு அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் எண் 14416ஐயும் எழுதிக் கொடுத்தோம். அதில் தமிழிலேயே பேசலாம்.

கடனுக்கு மருத்துவர் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். எங்கள் சமூகப் பணியாளர் கடன் அட்டைகளை வாங்கிப் பார்த்தார். இத்தகைய கடன்கள் பலவற்றில் கடன் வாங்கியவரோடு துணைவரையும் சேர்த்துக் காப்பீட்டுத் தொகை பிடிப்பது உண்டு. ஒரு கடனில் அப்படிப் பிடித்திருந்தார்கள்; யாரும் இவரிடம் சொல்லவில்லை. இறப்புச் சான்றிதழைக் கொடுத்து, சில மாத அலைச்சலுக்குப் பிறகு அந்தக் கடன் முடிந்தது. வாரத்தில் ஒரு நாள் காலைப்பொழுது அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

மொட்டை பற்றியும் பேச்சு வந்தது. அழகர்கோயிலில் முடி இறக்கினால் அடர்த்தியாக வளரும் என்று வீட்டில் சொன்னார்கள். மழித்தால் முடியின் நுனி மழுங்கி முளைப்பதால் தடித்ததுபோலத் தெரியும். வேரின் எண்ணிக்கை மாறாது. நேர்த்திக்கடன் என்றால் அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் கணவனை இழந்த பெண்ணுக்கு மொட்டை என்றால் ஊர் அதற்கு வேறு பொருள் வைத்திருக்கிறது. ஆகவே நேர்ந்துகொண்டது யார் என்று மட்டும் கேட்டேன். அவர் இல்லை. பேச்சு அத்தோடு நின்றது.

பின்தொடர்ச்சி

தை மாதம் உதிர்வு வெளிப்படையாகக் குறைந்திருந்தது. இழுத்துப் பார்த்ததில் இரண்டு மூன்றுதான் வந்தது. சொட்டையில் முடி நிரம்பத் தொடங்கியது. மாசியில் பின்னடைவு. சிவராத்திரி வருவதற்குப் பத்து நாள் முன்பே தூக்கம் போய், சொட்டையின் ஓரம் மறுபடி ஒடிந்தது. ஆண்டு நிறைவில் இப்படி வரும் என்று உளவியலாளர் முன்பே சொல்லியிருந்ததால் அவர் பயப்படவில்லை, சந்திப்பையும் தவிர்க்கவில்லை. வைகாசியில் ஹீமோகுளோபின் 11.8, ஃபெரிட்டின் 36. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் புது முடி நெற்றியைச் சுற்றி நிற்கிறது. எண்ணெய் வைத்தாலும் படியவில்லை என்பது இப்போதைய புகார். பின்னலின் தடிமன் பழையபடி ஆக இன்னும் ஐந்தாறு ஆண்டு பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறேன், ஏனெனில் இடுப்பளவு முடி அவ்வளவு காலம் வளர்ந்தால்தான் கிடைக்கும்.

திருமங்கலம் வழி பஸ்ஸில் பகலில் ஏறுகிறார், ஜன்னலோரம் உட்காருவதில்லை. இரவில் இன்னும் முடியவில்லை. இழப்பீட்டு வழக்கில் அடுத்த வாய்தா ஆடியில். சாட்சி சொல்ல வேண்டியிருக்கலாம். அதற்கு முந்தைய வாரமும் பிந்தைய வாரமும் உளவியலாளரிடம் நேரம் குறித்தாகிவிட்டது. இரும்பு மாத்திரை தொடர்கிறது. உதிர்வு மறுபடி கூடினால் உடனே வர வேண்டும் என்று மகளிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.